நோயில்லாத நாய்களின் ரத்தம்

எங்கள் ஊருக்கு வெளியாள் யார் வந்தாலும் முதலில் எதையாவது எண்ணுவார்கள். படகை எண்ணுவார்கள், வலையை எண்ணுவார்கள், வீட்டுக்குள் எட்டிப் பார்த்து கக்கூஸ் இருக்கிறதா என்று அதையும் எழுதிக்கொள்வார்கள். எண்ணிவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை. வந்தால் வேறு எதையாவது எண்ண வந்திருப்பார்கள். கோட்டைக்குப்பத்துக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து, கையில் பேனாவும் தோளில் பையுமாக வருகிற யாரைக் கண்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால், ஒரு நாள் காலையில் பட்டணத்துக் கல்லூரியிலிருந்து ஒரு கால்நடை டாக்டரம்மா வந்து, ஊரில் நாய்கள் எத்தனை இருக்கும் என்று கேட்டபோது எனக்கு முதலிலேயே நம்பிக்கை வரவில்லை. படகு முடிந்தது, வீடு முடிந்தது, இப்போது நாய்க்கு வந்துவிட்டார்களா என்று நினைத்தேன்.

வலை பின்னுகிற கொட்டகையில் ஊர் கூடியது. டாக்டரம்மாவுக்கு முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். கட்டையாக வெட்டிய முடி. உதவிக்கு ஒரு ஆளைக் கூட்டிவந்திருந்தாள். அவன் கையில் மீன் வியாபாரிகள் வைத்திருப்பது போலவே ஒரு ஐஸ் பெட்டி. அது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. மீன் வாங்க வராதவனுக்கு ஐஸ் பெட்டி எதற்கு?

"நல்லா இருக்கற நாய்ங்களோட ரத்தம் கொஞ்சம் வேணும்," என்றாள் அவள். "சீக்கு நாய் வேண்டாம். ஓடி ஆடித் திரியற நாய்தான் வேணும்."

சீக்கு நாயைக் கேட்டிருந்தால் வண்டி நிறைய ஏற்றி அனுப்பியிருப்போம். சும்மா இருக்கிற நாயை எதற்காக ஊசியால் குத்த வேண்டும்? நோயில்லாதவனைத் தேடி வருகிற டாக்டரை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பட்டணத்தில் பணக்காரர் வீட்டு நாய்களுக்கு ஏற்றுவதற்குத்தான் இந்த ரத்தம் என்றார் ஒருவர். புது மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள், நம் நாயிடம்தான் சோதிப்பார்கள் என்றார் இன்னொருவர். என் புருஷன் வழக்கம்போல என் காதில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை இழுத்தார்.

"தோ பாரு, அங்கேந்துதான் யாரோ அனுப்பியிருப்பாங்கோ. நாய்ங்கள தூக்கிட்டா, அப்பறம் நிலத்த அளக்க வந்தா குலைக்கறதுக்கு யாரு இருக்கா?"

எங்கள் ஊரில் துறைமுகத்தைக் காரணம் சொல்லாமல் ஒரு விஷயம் பேசி முடிக்க முடியாது. மழை பெய்யாவிட்டாலும் காட்டுப்பள்ளிதான், மடவை மீன் குறைந்தாலும் காட்டுப்பள்ளிதான். நான் அதை அப்படியே நம்பிவிடவில்லை. எனக்கு என் சந்தேகம் தனியாக இருந்தது. நல்ல நாயிடம் ரத்தம் எடுத்து, அதற்கு நோய் என்று எழுதிவிட்டால், ஊர் நாய்கள் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம் அல்லவா?

டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினாள். ஒரு நாய்க்கு உடம்பு சரியில்லை என்று ரத்தத்தைச் சோதித்தால், மெஷின் ஒரு எண்ணைக் காட்டும். அது கூடுதலா குறைவா என்று எப்படித் தெரியும்? நோயில்லாத நாய்க்கு அது எவ்வளவு இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். இப்போது புத்தகத்தில் இருப்பது வெளிநாட்டு நாய்களின் அளவு. வீட்டுக்குள் வளர்ந்து, பாக்கெட் தீனி தின்கிற நாய்கள். இங்கே மீன் குடலும் இறால் தலையும் தின்று, உப்புக்காற்றில் படுத்து, உண்ணிக்கடியோடு திரிகிற நாய்க்கு அந்த அளவு பொருந்தாது. அந்தப் புத்தகத்தை வைத்துப் பார்த்தால் நல்ல நாய் நோயாளியாகத் தெரியும், நோயாளி நாய் தப்பிவிடும்.

"நெறய நாய்ங்கள்ட்ட எடுப்போம். ரொம்ப மேல இருக்கறதயும் ரொம்பக் கீழ இருக்கறதயும் தள்ளிட்டு, நடுவுல வர்றதுதான் இந்தப் பக்கத்து நாய்ங்களுக்கு நார்மல்னு எழுதுவோம்," என்றாள்.

"நடுவுல வராத நாய இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ண மாட்டோம்மா. நோய் இருந்தா மருந்து குடுப்போம். கணக்குல மட்டும் சேக்க மாட்டோம்."

"கணக்குல சேக்காம வுட்டதெல்லாம் அப்பறம் இன்னா ஆவுதுன்னுதான் கேக்கறேன்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் சிரிக்கிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஊர் ஒத்துக்கொண்டிருக்காது. ஆனால் அவளோடு வந்த ஆள், "பக்கத்து ஊரு பசியாவரத்துல நேத்தே குடுத்துட்டாங்க," என்று ஒரு வார்த்தை விட்டான். அவ்வளவுதான். பசியாவரத்துக்காரன் கொடுத்ததை நாம் கொடுக்காமல் இருப்பதா? அவன் நாயைவிட நம் நாய் எந்த விதத்தில் குறைச்சல்? அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் என் நாய் உன் நாய் என்று முன்னே வந்தார்கள். அவளுக்கோ அத்தனை நாயும் தேவையில்லை. தள்ளுமுள்ளு ஆரம்பித்தது.

ஊர்த் தலைவர் எழுந்து, "பாடு போட்டுடலாம்," என்றார்.

பாடு என்பது எங்கள் பழவேற்காடு ஏரித் தொழிலின் ஒழுங்கு. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டு எடுத்து முறை வைப்போம். சண்டை வராமல் இருக்க அது ஒன்றுதான் வழி. முறை என்பது வீட்டுக்கு உரியது. அந்த வீட்டு ஆளுக்குக் காய்ச்சல் என்றால் மச்சானோ பங்காளியோ அவனுக்குப் பதிலாகப் போவான். முறையைக் காலியாக மட்டும் விடக் கூடாது, விட்டால் அந்த வீட்டுக்குக் கேவலம். அதேபோல, என் வீட்டு முறைக்குப் போனவனுக்குத் தண்ணீரில் ஏதாவது ஆகிவிட்டால் அவனை என் வீடுதான் பார்க்க வேண்டும். ஒரு முறை என் புருஷன் வேறொருவர் பாட்டுக்குப் போய்க் கை ஒடிந்து வந்தபோது, அவர் எழுந்து நடமாடும்வரை அந்த வீட்டிலிருந்துதான் எங்களுக்குச் சோறும் குழம்பும் வந்தது.

இதையே நாய்க்கும் வைத்தார்கள். வீட்டுக்கு ஒரு சீட்டு எழுதினார்கள்.

"எங்க வூட்டு சீட்ட போடாதீங்க மாமா," என்றேன் தலைவரிடம். "எங்க நாய் ரத்தம் எங்க நாய்கிட்டயே இருக்கட்டும்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். நானும் அவளை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

எங்கள் நாய் செவலை நிறம். பெயரெல்லாம் கிடையாது. "தோ" என்றால் வரும். ஊரில் என்னைப் பற்றி, நாயைப் பிள்ளை போல வளர்க்கிறாள் என்று சொல்வார்கள். அதெல்லாம் கிடையாது. எனக்கு இரண்டு பெண்கள், இருவரையும் கட்டிக்கொடுத்துவிட்டேன். நாய் நாய்தான். ஆனால் புருஷன் கடலுக்குப் போன பிறகு வீட்டில் என் பேச்சைக் கேட்பதற்கு இருந்தது அது ஒன்றுதான். இத்தனை படகுகள் கரைக்கு வந்தாலும் எங்கள் படகின் என்ஜின் சத்தம் அதற்குத் தெரியும். மற்ற படகுகளுக்குக் காதை மட்டும் தூக்கும். எங்கள் படகுக்கு எழுந்து ஓடும். அது ஓடினால்தான் நான் கூடையை எடுப்பேன்.

அந்தச் செவலை நாயால்தான் எனக்கும் என் ஓரகத்திக்கும் பேச்சு நின்றது. அவள் என் புருஷனுடைய அண்ணன் மனைவி. அவள் வீடும் என் வீடும் அடுத்தடுத்து, நடுவில் பழைய வலையைக் கட்டிய ஒரு வேலி. அவள் காயவைத்த நெத்திலியை என் நாய் மேய்ந்துவிட்டது. அவள் கட்டையை எடுத்து வீசினாள். நான் வாயைத் திறந்தேன். நான் வாயைத் திறந்தால் எப்படி இருக்கும் என்று ஊருக்கே தெரியும். கடைசியில் அவள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "ஒரு நாளிக்கு மருந்து வெச்சி உன் நாய கொல்லல, நான் பொம்பளயே இல்ல."

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. இரண்டு வீட்டு ஆண்களும் ஒரே படகில்தான் போனார்கள், வந்தார்கள். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சீட்டில் ஓரகத்தி வீடு வந்தது. அவளிடம் ஒரு வெள்ளைக்கால் நாய் இருந்தது. மகா பயந்தாங்கொள்ளி, பட்டாசு வெடித்தால் மூன்று நாள் படகுக்கு அடியிலிருந்து வெளியே வராது.

ரத்தம் எடுக்கிற நாளில் நான் வேண்டுமென்றே ஊரில் இருக்கவில்லை. மீன் கூடையோடு பழவேற்காடு பஜாருக்குப் போய்விட்டேன். அன்றைக்கு நடந்த கூத்தைப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டேன். காலையில் நாய்க்கு எதுவும் கொடுக்காமல் கொண்டுவாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். யார் கேட்டார்கள்? வெளியாள் முன்னால் வயிறு ஒட்டிய நாயைக் கொண்டுபோய் நிறுத்தினால் அந்த வீட்டுக்கு என்ன மரியாதை? ஆளாளுக்கு மீன் தலையும் சோறும் வயிறு புடைக்கப் போட்டுத்தான் கூட்டிப் போனார்கள். எடுத்து வைத்த ரத்தம் தெளிந்தபோது, தின்ற கொழுப்பு மேலே பால் கலந்ததுபோல வெளுத்து நின்றதாம். இது கணக்குக்கு உதவாது, இன்னொரு நாள் மறுபடி எடுக்க வேண்டும் என்று அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாளாம்.

நான் திரும்பி வந்தபோது நாய் வாசலில் படுத்திருந்தது. தண்ணீர் வைக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். அதன் முன்னங்காலில் ஒரு விரல் அகலத்துக்கு மயிரை வழித்திருந்தது. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. வேண்டாம் என்று ஊர் முன்னால் சொன்ன பிறகும் என் நாயைக் குத்தியிருக்கிறார்கள். நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனேன்.

"உங்க வூட்டு சீட்டே போடலயேம்மா. உங்க நாய யாரு எடுக்கப் போறா?" என்றார் அவர். "முள்ளு கிள்ளு குத்தியிருக்கும்."

"முள்ளு மயிர வழிச்சிட்டா குத்தும்?"

அன்றைக்கு அவரும் கரையில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. தெருவில் கேட்டேன். எல்லோரும் தங்கள் நாய் எப்படித் துள்ளியது, எப்படிப் பிடித்தார்கள் என்றே பேசினார்கள். என் நாயைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றினார்கள், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. எல்லோரும் சேர்ந்து என்னை டபாய்க்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

சில நாள் கழித்து டாக்டரம்மா மட்டும் திரும்ப வந்தாள். நான் கிணற்றடியில் இருந்தேன். நேராக ஓரகத்தி வீட்டுக்குப் போனாள். இருவரும் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் பேசினார்கள். டாக்டரம்மா ஏதோ சொல்லச் சொல்ல, ஓரகத்தியின் முகம் மாறியது. அவள் திரும்பி வேலிக்கு இந்தப் பக்கம் பார்த்தாள். என்னை அல்ல, வாசலில் தூங்கிக்கொண்டிருந்த என் நாயை. பிறகு டாக்டரம்மா பையிலிருந்து எதையோ எடுத்து அவள் கையில் வைத்து மூடினாள். ஓரகத்தி அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

என் நாயைப் பற்றித்தான் பேசினார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்ன பேசினார்கள் என்பதுதான் தெரியவில்லை.

மறுநாள் காலையில் புரிந்தது. வீட்டுக்குள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெளியே, "த்தோ, த்தோ" என்று நாயைக் கூப்பிடுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் ஓரகத்தி. வேலிக்கு மேலே ஒரு மத்தி மீனை எறிகிறாள், என் நாய்க்கு. நெத்திலி தின்றதற்காகக் கட்டையை வீசியவள். மருந்து வைத்துக் கொல்கிறேன் என்றவள். நாய் மீனை அப்படியே விழுங்கிவிட்டு வாலை ஆட்டுகிறது. அவள் அது விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

புருஷனிடம் சொன்னேன்.

"மனசு மாறியிருக்கும், வுடு மே," என்றார்.

"எங்க ஓரகத்திக்கா? மனசா? யோவ், நீ அவள எத்தினி வருஷமா பாக்கறே?"

அடுத்த காலையில் நாயை உள்ளே கட்டிப்போட்டுவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்றேன். அவள் கூப்பிட்டாள், மீனை எறிந்தாள், நாயைக் காணோம் என்று கொஞ்சம் தேடினாள், போய்விட்டாள். நான் போய் மீனை எடுத்தேன். செவுள் பக்கம் வயிறு கொஞ்சம் கிழிந்திருந்தது. விரலை விட்டுப் பிளந்தேன். உள்ளே ஒரு மாத்திரை. பாதி பச்சை, பாதி மஞ்சள், வழவழப்பான கேப்சூல்.

எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் வந்தது. இத்தனை நாள் எத்தனை மீன் தின்றிருக்கும் அந்த நாய்? நான் கதவுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்?

மாத்திரையை ஒரு துணியில் முடிந்து வைத்துக்கொண்டேன். அப்போதே அவள் வீட்டுக்குள் புகுந்து கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லை என்பாள். டாக்டரம்மா அந்த வாரம் மறுபடி ரத்தம் எடுக்க வருவதாக ஊரில் சொல்லியிருந்தார்கள். இருவரையும் சேர்த்து, ஊர் முன்னால் வைத்துக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். அதுவரை நாயை வெளியே விடவில்லை.

நாய் முதல் நாள் சும்மா படுத்திருந்தது. பிறகு தீனி குறைந்தது. மடவைத் தலையைக் கூட முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. படகு வருகிற சத்தம் கேட்டது, எங்கள் படகு. நாய் தலையைத் தூக்கவில்லை. டாக்டரம்மா வருகிற நாள் காலையில் பார்த்தால், அது படுத்திருந்த தரையில் ரத்தச் சொட்டுகள். மூக்கிலிருந்து வடிந்துகொண்டிருந்தது.

விஷம் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். என் ஜாக்கெட் எல்லாம் ரத்தம். தெருவில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கொட்டகையில் நல்ல கூட்டம். ஓரகத்தியும் இருந்தாள். டாக்டரம்மா ஒரு நாயின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் என் நாயை அவள் முன்னால் கிடத்தினேன். முடிச்சை அவிழ்த்து மாத்திரையை அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"இத இன்னான்னு சொல்லு," என்றேன். மரியாதையெல்லாம் போய்விட்டது. "நீ குடுத்ததுதான? அவ மீனுக்குள்ள வெச்சி எங்க நாய்க்குப் போட்டா. ரெண்டு பேரும் சேந்துகினு எங்க நாய சாவடிக்கிறீங்க. ஊரு பாக்கட்டும்."

டாக்டரம்மா மாத்திரையை வாங்கிப் பார்த்தாள். என் நாயைப் பார்த்தாள். அதன் மூக்கைத் துடைத்து, உதட்டைப் புரட்டி ஈறைப் பார்த்தாள். பிறகு முன்னங்காலில் மயிர் வழித்த இடத்தைத் தடவினாள். ஓரகத்தி பக்கம் திரும்பினாள்.

"இது நான் உங்க நாய்க்குக் குடுத்த மருந்து. உண்ணிக் காய்ச்சலுக்கு. எடுத்த நாய்ங்கள்ல எது எதுன்னு எனக்கு ஞாபகம் இருக்காது, அந்த வெள்ளக்கால் நாய்க்குத் தரேன்னுதான சொன்னீங்க?"

ஓரகத்தி தரையைப் பார்த்தாள்.

"அப்ப அன்னிக்கு நான் எடுத்தது எந்த நாயோட ரத்தம்?"

"இதோடதுதான்," என்றாள் ஓரகத்தி. "எங்கது ஊசியப் பாத்துட்டு படகுக்கு அடில பூந்துகிச்சி. எவ்ளோ இழுத்தும் வர்ல. முறைய காலியா வுட முடியுமா? இது பக்கத்துல வந்து வால ஆட்டிகினு நின்னுது. இத இட்டுகினு போனேன்."

ரத்தத்தில் நோய் இருக்கிறது என்று டாக்டரம்மா வந்து சொன்னபோதே, அது யாருடைய நாய்க்கு என்று ஓரகத்திக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் அன்றைக்கு அப்படித் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

எனக்கு வெட்கம் வரவில்லை. கோபம்தான் இன்னும் ஏறியது.

"எங்கிட்ட சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னா?"

"எப்பிடி சொல்றது? நீ எம் மூஞ்சியப் பாப்பியா? உன் நாய எங்கயோ இட்டுகினு போயி குத்திட்டேன்னு சொன்னா எம் மயிர வுட்டுவெப்பியா?" அவளும் இப்போது நிமிர்ந்துவிட்டாள். "எங்க வூட்டுப் பாட்டுக்குப் போச்சி அது. அதுக்கு ஒண்ணுன்னா நான்தான பாக்கணும். நீ பேசனா இன்னா, பேசாட்டி இன்னா?"

என் புருஷன் கை ஒடிந்து கிடந்த நாட்களில் வந்த குழம்புச் சட்டி நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடியதை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

டாக்டரம்மா என் நாய்க்கு ஊசி போட்டுக்கொண்டே பேசினாள். டெங்கு வந்தால் மனிதர்களுக்குக் குறையுமே, ரத்தத்தை உறையவைக்கிற அணு, அதுதான் இதற்கும் குறைந்திருக்கிறது, அதனால்தான் மூக்கில் வடிகிறது. வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ரத்தத்தில் மட்டும்தான் முதலில் தெரியும். மருந்தை நடுவில் நிறுத்தியது தப்பு. பிழைக்குமா என்று கேட்டேன். இன்றைக்குச் சொல்ல முடியாது என்றாள். ஒரு மாதத்துக்கு ஒரு வேளை கூடத் தவறாமல் மாத்திரை உள்ளே போக வேண்டும் என்றாள்.

ஊசியைக் கீழே வைத்த பிறகுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. சுற்றி நின்றவர்களைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"வேற யாராவது அடுத்த வீட்டு நாயக் கூட்டிட்டு வந்தீங்களா?"

ஒரு கை எழுந்தது. பிறகு இன்னொன்று. மறைக்க வேண்டிய விஷயம் என்றே யாருக்கும் தோன்றவில்லை. ஒருவர் பெருமையாகவே சொன்னார்: "எங்க நாய் மூணு வூட்டுக்குப் போச்சி டாக்டரம்மா. கேட்டாங்கோ, அனுப்பினேன்."

"ஒரே நாயா?"

"முறை வூட்டுக்குத்தானம்மா," என்றார் தலைவர், சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல. "நாய்க்கா முறை?"

டாக்டரம்மா ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு இத்தனை நாள் வேலை வீண். பிறகு எழுந்து, எடுத்ததையெல்லாம் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றாள். வலை பின்னுகிற நூலைக் கேட்டு வாங்கினாள். ரத்தம் எடுத்த ஒவ்வொரு நாயின் கழுத்திலும் ஒரு துண்டு கட்டினாள். ஒவ்வொரு நாயையும் யாருடையது என்று மூன்று பேரிடம் கேட்டாள். சொன்னதை நம்பாமல், நாயின் சொந்தக்காரரைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கூப்பிட வைத்து, வருகிறதா என்று பார்த்தாள். காலையில் எதுவும் போடவில்லை என்றால், வாயைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். எங்களை விடப் பெரிய சந்தேகக்காரியாகிவிட்டாள். எனக்கு அப்போதுதான் அவளைப் பிடித்தது.

ஓரகத்தி மீதி மாத்திரையைக் கொண்டுவந்து என் வாசற்படியில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

மறுநாள் காலை, மத்தியை வாங்கி, அவள் செய்தது போலவே செவுள் பக்கம் கிழித்து மாத்திரையை வைத்து நாயின் முன்னால் நீட்டினேன். வாங்கி மென்று, மீனைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பியது. இரண்டாவது மீனில் வைத்தேன். துப்பியது. வாயைப் பிளந்து தொண்டையில் வைத்தேன். என் விரலைக் கடித்துவிட்டுக் கக்கியது. மூக்கின் ஓரத்தில் மறுபடி சிவப்பாக ஈரம். ஊசி போட்ட பலம் எத்தனை நேரம் தாங்கும்? தரையில் கிடந்த அந்தப் பச்சை மஞ்சள் மாத்திரையைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். புருஷன் கடலில். வீட்டில் கேட்க ஆள் இல்லை என்பதால் நன்றாகவே அழுதேன்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலிக்குப் போனேன். அந்தப் பக்கம் ஓரகத்தி மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றேன்.

அவள் அலசுவதை நிறுத்தவில்லை. "இன்னா?"

"எங் கையால துன்ன மாட்டேங்குது. நீ வந்து குடு."

எழுந்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். சட்டியிலிருந்து ஒரு மத்தியை எடுத்துக்கொண்டு, என்னிடமிருந்து மாத்திரையை வாங்கி உள்ளே திணித்தாள். நாயிடம் போகாமல் மீனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"பொளந்து பாத்துக்கோ. அப்பறம் போடறேன்."

"குத்திக் காட்டாத அக்கா."

"பாத்துக்கோன்றேன்."

வாங்கிப் பிளந்து பார்த்தேன். இருந்தது. "போடு," என்றேன். அவள், "த்தோ" என்றாள். நாய் தலையைத் தூக்கி, மீனை வாங்கி, மெல்லாமல் விழுங்கியது. இருவரும் அது துப்புகிறதா என்று நின்று பார்த்தோம். அந்த மாதம் முழுவதும் தினமும் காலையில் அவள் மீனை நீட்டுவாள், நான் பிளந்து பார்ப்பேன், அவள் போடுவாள். பேச்சு மெல்ல மெல்ல வந்தது, பெரும்பாலும் சண்டையாகத்தான்.

மாதம் முடிந்து டாக்டரம்மா வந்து ரத்தம் எடுத்தாள். இந்தத் தடவை காலைப் பிடித்துக்கொண்டது நான்தான். பிறகு போனில் சொன்னாள், எல்லா அளவும் சரியாக இருக்கிறது என்று. அப்படியானால் அந்த நடுவில் வருகிற கணக்கில் எங்கள் நாயையும் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். ஒரு தடவை நோய் வந்த நாயைச் சேர்க்க முடியாது என்றாள். அந்த வெள்ளைக்கால் நாயைச் சேர்க்கலாம், அதைத்தான் படகுக்கு அடியிலிருந்து இன்னும் யாராலும் இழுக்க முடியவில்லை.

மறுநாள் காலை படகுச் சத்தம் கேட்டு நாய் கரைக்கு ஓடியது. நான் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஓரகத்தி வேலியருகே மத்தியோடு நின்றுகொண்டிருந்தாள். மாத்திரை ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. அவளுக்கும் அது தெரியும். நீட்டினாள். நான் வாங்கிப் பிளந்து பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் மீன்.

"இன்னா பாக்கறே?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா," என்றேன். "கூடய எடுத்துகினு வா, படகு வந்துட்டுது."